எந்த ரொம்ப?

'குட் இனஃப்' என்றால் 'நல்லது, போதும், கிளம்பு' என்று அர்த்தம் என்றுதான் நான் முதலில் நம்பினேன். சிரிக்க வேண்டாம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறவன் 'போதும்' என்று சொன்னால் சாம்பார் வாளி அடுத்த இலைக்குப் போகிறதா இல்லையா? அதே நியாயந்தான். என்னைப் பற்றி அந்த மனிதர் துரையிடம், "ஹி இஸ் குட் இனஃப், சேர்" என்று சொன்னதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவுடன், வாளி என்னைத் தாண்டிவிட்டது என்று முடிவு கட்டினேன். அன்றைக்கே பெட்டியைக் கட்டினேன். ஊருக்குப் போகிறவனுக்கு இரண்டு கம்பளி எதற்கு என்று ஒன்றை ஆபீஸ் பியூனுக்குத் தானம் செய்தேன். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை என்று தெரிந்த பிறகு போய்க் கேட்டேன். "குடுத்தது குடுத்ததுதானுங்களே" என்றான். அந்த வருஷத்துக் குளிர் முழுவதையும் ஒற்றைக் கம்பளியில் அனுபவித்தேன்.

அந்த மனிதர் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர், அதாவது தலைமைக் குமாஸ்தா. நான் வேலை நிரந்தரமாகாத சின்ன கிளாக்கர். இலங்கை மலைநாட்டில் றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வரும் தோட்டம் அது. எங்கள் பக்கத்து மழை விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போகாது. வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி வந்து தங்கிவிடும். அந்த மழையிலும் அவருடைய வெள்ளை கோட்டில் ஒரு பொட்டுச் சேறு இருக்காது. மெலிந்த ஆள், நீண்ட மூக்கு, மூக்கை விட நெற்றியிலேயே அதிக நேரம் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி. கண்ணாடி நெற்றிக்கு ஏறினால் யாரோ ஒருவர் இங்கிலீஷைக் கொன்றுவிட்டார் என்று அர்த்தம். பெரும்பாலும் அந்த ஆள் நானாக இருப்பேன்.

அவருக்கு எதிரி ஒரே ஒரு சொல். நம்முடைய 'ரொம்ப.'

"அழகா இருந்தாலும் ரொம்ப, அடிபட்டாலும் ரொம்ப. ஒரே சட்டைய மாப்பிள்ளைக்கும் போட்டு பொணத்துக்கும் போட்டா எப்படி தம்பி?" என்பார். இங்கிலீஷ்காரன் இரண்டு சட்டை தைத்து வைத்திருக்கிறான். 'வெரி' என்றால் நிறைய, ஆனால் தாங்கும். 'டூ' என்றால் அளவு மீறிவிட்டது, தாங்காது, அதனால் ஏதோ ஒன்று கெடப்போகிறது. வெரிக்கு ஒரு விரல், டூவுக்கு இரண்டு விரல் என்று கையால் காட்டியே பேசுவார். பிள்ளைகள் சண்டை போட்டு டூ விடுவார்களே, அதுதான் இந்த டூ என்று நான் மனதுக்குள் பாடம் பண்ணிக்கொண்டேன். வெரி வரைக்கும் சிநேகம், டூ வந்தால் பேச்சு முறிந்தது.

இது வெறும் இலக்கணக் கிறுக்கு என்றால் நானும் மற்றவர்களைப் போலச் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் லயத்து ஆட்கள், வரிசை வீடுகளில் குடியிருக்கிற தொழிலாளர்கள், துரையிடம் முறைப்பாடு சொல்ல வரும்போது இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் அவர்தான். ஒருவர் வந்து, "மூட்டை ரொம்ப பாரம்ங்க" என்பார். 'வெரி ஹெவி' என்று சொன்னால் துரை தலையை ஆட்டி, ஆமாம், மூட்டை என்றால் பாரமாகத்தான் இருக்கும் என்று பைப்பைப் பற்றவைத்துக்கொள்வார். 'டூ ஹெவி' என்று சொன்னால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நடுவில் இருப்பது ஒரே ஒரு சொல். அதனால் பெரிய கிளாக்கர் எல்லோரையும் நிறுத்தி வைத்துக் கேட்பார்:

"எந்த ரொம்ப? தாங்குற ரொம்பவா, தாங்காத ரொம்பவா?"

வந்தவர் யோசித்து ஒரு விரலோ இரண்டு விரலோ காட்ட வேண்டும். அதன்படிதான் துரைக்குப் போகும். நாளாக ஆக துரைக்கும் அந்த விரல் பாஷை பழகிவிட்டது. ஆள் வாயைத் திறக்கும் முன்பே கையைப் பார்ப்பார். தோட்டத்தில் பெரிய கிளாக்கருக்குப் பெயரே 'எந்த ரொம்ப ஐயா' என்று ஆனது. அவர் காதுபடவே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவுக்கும் அவருக்கும் நடந்த சண்டை பிரசித்தம். நானா ஒரு சட்டைத் துணியை விரித்து, "டூ குட் சேர், டூ குட்!" என்று ஆசையாகத் தடவிக் காட்டினார். இவருடைய கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"டூ குட்டுன்னா அளவுக்கு மிஞ்சின நல்லது. எனக்கு ஆகாதுன்னு நீங்களே சொல்றீங்க."

நானா சளைக்கவில்லை. "அப்ப அளவோட மோசமானதா ஒண்ணு எடுத்துக் காட்டவா சேர்?"

இன்னொரு தரம் எங்கள் கண்டாக்கையா, அதாவது வேலைக்காட்டை மேற்பார்க்கிற கண்டக்டர், தேயிலைச் செடியைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்காதவர், பங்களா விருந்தொன்றில் எங்கிருந்தோ தைரியம் வந்து துரைசாணியிடம், "மேடம், யூ ஆர் டூ பியூட்டிஃபுல்" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற பெரிய கிளாக்கர் தாழ்ந்த குரலில், "டூ பியூட்டிஃபுல் டு டூ வாட்?" என்று கேட்டார். எந்தக் காரியத்துக்கு ஆகாமல் போகிற அளவுக்கு அழகு என்று. துரைசாணி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்டாக்கையா அதற்குப் பிறகு துரைசாணியைக் கண்டால் தேயிலைக்குள்ளே இறங்கிவிடுவார்.

என் பங்குக்கு இனஃப். அது எங்கே நிற்கும் என்பது எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. "பொருளுக்கு முன்னாடி நிக்கும், குணத்துக்குப் பின்னாடி நிக்கும். இனஃப் சுகர். ஸ்வீட் இனஃப்" என்று தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டே விளக்குவார். நான் 'இனஃப் ஸ்வீட்' என்பேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். தேத்தண்ணி ஆறிப்போகும். அவர் தேத்தண்ணியைச் சூடாகக் குடித்ததை நான் பார்த்ததே குறைவு, அதற்குக் காரணம் என் இலக்கணம்.

இவ்வளவு வேடிக்கைக்கும் அடியில் எனக்கு அவரிடம் ஒரு பயம் உண்டு. ஒரு நாள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர் ஒருவர் முழங்கால் வீங்கி வந்தார். "வலி ரொம்பங்க ஐயா" என்றார். வழக்கமான கேள்வி வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் பின்னால் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் தாங்கவில்லை என்று சொல்ல எந்த ஆம்பளைக்கு மனம் வரும்? ஒரு விரலைக் காட்டினார். 'வெரி பெயின்ஃபுல்' என்று துரைக்குப் போனது. துரை அனுதாபமாகத் தலையாட்டி, எண்ணெய் தேய்க்கச் சொல்லி வேலைக்கு அனுப்பினார். அந்த மனிதர் வாசற்படியை இறங்கினதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். ஒவ்வொரு படிக்கும் சுவரைப் பிடித்தார்.

"தாங்கலன்னு கண்ணுக்குத் தெரியுதே ஐயா" என்றேன்.

"நான் குழாய், தம்பி. இந்தப் பக்கம் என்ன ஊத்துறாங்களோ அது அந்தப் பக்கம் வரும். குழாய் தன் கையால தண்ணி சேர்த்துச்சுன்னா நாளைக்கு எவன் நம்புவான்?"

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அவ்வளவு அழுக்கு அதில் இல்லை.

அதற்கு அடுத்த ஆடி மழையில்தான் இந்த விஷயம் நடந்தது. எங்கள் தோட்டத்தின் கீழ்க்கடைசியில் ஒரு லயம் இருந்தது. முதுகுப்பக்கம் செங்குத்தான சரிவு. சரிவுக்கு மேலே தேயிலை. விடாமல் பெய்த மழையில் லயத்துக்குப் பின்னால் ஓடும் கான், அதாவது வடிகால், உடைந்துவிட்டது என்று கங்காணி ஆள் அனுப்பினார். துரை பார்க்கப் புறப்பட்டார். பெரிய கிளாக்கர் கூடப் போனார். துரைக்குக் குடை பிடிக்க நான். துரை ஆறடிக்கு மேலே, நான் ஐந்தடி சொச்சம். அவர் தலைக்குக் குடையை எட்ட வைத்தால் குடைத் துணியில் இருந்து வழிகிற தண்ணீர் முழுவதும் என் சட்டைக் கழுத்துக்குள் இறங்கும். அப்படியே நனைந்துகொண்டு போனேன். வேலை நிரந்தரமாக வேண்டுமே.

லயத்தில் ஆட்கள் வாசலில் நின்றார்கள். முத்தம்மா முன்னால் வந்தாள். கொழுந்து பறிக்கிற பெண்களில் வாய் நீளமானவள், அதனால் எல்லோருக்காகவும் பேசுவது அவள் பொறுப்பு. தலையில் கம்பளி, இடுப்பில் சாக்குப் படங்கு.

"பின்செவுத்துக்குள்ளாற தண்ணி ஓடுற சத்தம் கேக்குதுங்க ஐயா. நேத்து வரைக்கும் மூடின கதவு இன்னைக்கு மூட மாட்டேங்குது. நெலச்சட்டம் வளைஞ்சு போச்சு. ரொம்ப பயமா இருக்குதுங்க."

பெரிய கிளாக்கர் வழக்கம்போல் கேட்டார். "எந்த ரொம்ப ஆயி?"

அவள் திரும்பிச் சரிவைப் பார்த்தாள். லயத்தைப் பார்த்தாள். வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

"தாங்கிக்குவோம்ங்க. வேற எங்க போறது?" என்று ஒரு விரலைத் தூக்கினாள்.

ஒரு விரல். அப்படியானால் 'வெரி.' துரை தலையாட்டுவார், கானை வெட்டிவிடச் சொல்வார், நாங்கள் ஆபீசுக்குப் போய்த் துணி காயப்போடலாம் என்று நான் கணக்குப் போட்டுவிட்டேன். பெரிய கிளாக்கர் அந்த மூடாத கதவைப் பார்த்தார். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு துரை பக்கம் திரும்பினார்.

"டூ டேஞ்சரஸ் டு லிவ் இன், சேர்" என்றார். குடியிருக்க முடியாத அளவுக்கு ஆபத்து. இரண்டு விரலையும் தூக்கிக் காட்டினார்.

அவர் தப்புச் செய்து நான் பார்த்ததே இல்லை. மழை மூளைக்குள் போய்விட்டது என்று நினைத்தேன். முத்தம்மாவின் விரல் இன்னும் மேலே இருந்தது. குளிரில் விறைத்துப் போய் அதை மடக்க மறந்து நின்றாள். துரை அவளுடைய ஒரு விரலைப் பார்த்தார். பெரிய கிளாக்கரின் இரண்டு விரலைப் பார்த்தார். பைப்பை வாயிலிருந்து எடுத்தார். அப்புறம் குனிந்து, குடைக்குக் கீழே என் முகத்தைப் பார்த்தார்.

"யூ. விச் இஸ் இட்? வெரி? ஓர் டூ?"

அந்தக் கணத்தில் என்னுடைய நிலைமையைச் சொல்கிறேன். அவள் சொன்னபடி 'வெரி' என்றால் பெரிய கிளாக்கர் பொய் சொன்னவராகி அன்றைக்கே வேலை போகும், இந்தச் சனம் முழுவதும் இந்தச் சுவருக்கு அடியிலேயே படுக்கும். 'டூ' என்றால் பொய் சொன்னவன் நான், துரை கண்ணால் பார்த்த விரலுக்கு விரோதமாக. நிரந்தரமாகாத வேலை அதோடு நிரந்தரமாக முடியும். படித்த இலக்கணமெல்லாம் சட்டைக் கழுத்து வழியாக இறங்கி இடுப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நனைந்தது போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று துரையைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கையில் குடை இருந்தது. வாயால் கும்பிட்டேன்.

"வெட்... இனஃப், சேர்."

நனைந்தது போதும் என்றுதான் சொன்னேன். சத்தியமாக அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

துரை நிமிர்ந்து சரிவைப் பார்த்தார். "வெட் இனஃப் டு கம் டவுன், யூ மீன்?" என்றார். சரிந்து விழுகிற அளவுக்கு ஊறியிருக்கிறது என்கிறாயா என்று கேட்கிறார். நான் தலையாட்டினேன். பயந்தால் எனக்குத் தலை தானாக ஆடும், அதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை.

துரை பூட்ஸ் முனையால் சுவரோரத்து மண்ணை அழுத்தினார். பூட்ஸ் கணுக்கால் வரை உள்ளே போனது. அதை இழுத்து எடுக்கக் கங்காணி கை கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் சட்டி பானை, கோழி, சாமி படம் எல்லாவற்றோடும் லயம் காலியானது. ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டுகிற தட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கி அவர்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது பெரிய கிளாக்கர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "இனஃப் சரியான இடத்தில நின்னுச்சு, தம்பி." குரலில் கேலி இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மலை சரியவில்லை. மறுநாளும் சரியவில்லை. அடுத்த வாரம் மழையே நின்று வெயில் அடித்தது, அந்தச் சரிவு குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொண்ட மாதிரி பச்சைப் பசேல் என்று நின்றது. ஸ்டோர் மேல்மாடியில் ஒரே சச்சரவு. பிள்ளைகள் தட்டுகளில் ஏறிக் குதிக்கிறார்கள், தேயிலையில் கருவாட்டு வாடை ஏறுகிறது என்று ஆலைக்குப் பொறுப்பான டீமேக்கர் துரையிடம் நடையாய் நடந்தார். முத்தம்மா ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"கொழுந்து வாட்டுற எடத்துல எங்களைப் போட்டு வாட்டுறீங்களே ஐயா! என் பூசணிக் கொடி அங்க அநாதையாக் கெடக்கு. நான் ஒரு வெரலத்தானே காட்டுனேன்? உங்கள யாரு ரெண்டாக்கச் சொன்னது?"

"நானேதான் ஆக்குனேன்."

"அப்ப தொரைகிட்ட சொல்லுங்க, நாங்க திரும்பிப் போறோம்னு."

"அத நான் சொல்ல மாட்டேன். வேற ஆளப் பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பிரித்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். பிரித்த பேனாவை மறுபடி சேர்க்க எனக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

லயத்துப் பிள்ளைகள் பெரிய கிளாக்கரைக் கண்டால் இரண்டு விரலைக் காட்டி, "ஐயாவோட மலை இன்னும் எந்திரிக்கலையா?" என்று கத்திவிட்டு ஓடினார்கள். அவர் தினமும் காலையில் போய்ச் சரிவுக்குக் கீழே நின்று பார்த்துவிட்டு வருவார். வெள்ளை கோட்டின் ஓரத்தில் முதன்முதலாகச் சேறு பார்த்தேன். துரைக்கும் எரிச்சல். ஒருநாள் ஆபீசில் எல்லோர் முன்னாலும், "யுவர் ஹில் இஸ் டூ லேசி டு ஃபால்" என்றார். உம்முடைய மலை விழுவதற்குக்கூட சோம்பல் படுகிறது என்று. கண்டாக்கையா சத்தமாகச் சிரித்தார், விருந்துக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். பெரிய கிளாக்கர் சிரிக்கவில்லை. "கிராமர் இஸ் கரெக்ட், சேர்" என்றார்.

அன்றைக்கு நான் கேட்டே விட்டேன். "அந்தம்மா ஒரு வெரல்தானேங்க காட்டுச்சு. நீங்கதானே சொன்னீங்க, குழாய் தண்ணி சேர்க்கக் கூடாதுன்னு?"

கண்ணாடி நெற்றிக்கு ஏறவில்லை. கீழேயே இருந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"வேற எங்க போறதுன்னுச்சே தம்பி, கேட்டீங்களா? அத எந்த வெரல்ல காட்டுறது?"

சும்மா இருக்கத் தெரியாதவன் ஆகையால், தோட்டத்தின் மேல் பிரிவான மேல் கணக்கில் காலிக் காம்பராக்கள், அதாவது லயத்து அறைகள், இருக்கிறதாமே என்று பேச்சை மாற்றினேன். அவருக்கு அது தெரியாமலில்லை. அந்தக் காம்பராக்களுக்காகத் துரையோடு அவர் ஏற்கனவே மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். கடைசியில் துரை தொல்லை விட்டால் போதும் என்று ஒப்புக்கொண்டு, கீழ் லயத்து ஆட்களை மேல் கணக்கில் பிரித்துக் குடிவைத்தார். இரண்டு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. நல்லபடி நிற்கிற லயத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று, கீழ் லயத்தில் உரத்தை அடுக்கிப் பூட்டுப் போட்டார்.

என் வேலை நிரந்தரமானது. அவருக்கு மாற்றல் வந்தது. நோர்வூட் பக்கம் ஒரு சின்னத் தோட்டத்துக்கு, இரண்டாவது கிளாக்கராக. காரணம் யாரும் சொல்லவில்லை. ஆள் காட்டிய விரலை மாற்றிச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று துரை சொன்னதாகப் பியூன் சொன்னான். என் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சொன்னான்.

அவருடைய சாமான்கள் லொறியில் ஏறிய அன்று நான் ஒரு பிரியாவிடைப் பேச்சு தயாரித்து வைத்திருந்தேன், இங்கிலீஷில். மூன்று இடத்தில் டூ வந்தது. தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முத்தம்மா ஒரு பூசணிக்காயைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். கீழ் லயத்துப் பழைய கொடியில் காய்த்தது.

"ரொம்ப பெருசா போச்சுங்க ஐயா" என்றாள்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். லொறி போனது.

அடுத்த வருஷம் ஆடி மாதத்தில், பட்டப்பகலில், பெண்கள் மேல் மலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தச் சரிவு இறங்கியது. கீழ் லயம் முழுவதும் மண்ணுக்குள் போனது. உள்ளே உர மூட்டைகள் இருந்தன. ஆட்கள் யாரும் இல்லை.